கைவேலைப் புத்தகத்தைத் திருத்தும்போது வெட்டியதில் இன்னும் உறுத்துவது எது? (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ரவிக்கைப் பக்கம்

ப்ளவுஸ் கட்டிங் புத்தகம். கைப்பிரதி 224 பக்கம், விலைக்குக் கட்டுப்படியாவது 160. ஒரே தாளில் அச்சடிச்சு மடிக்கிற பதினாறு பக்கம் ஒரு பாரம்; அந்தக் கணக்கில் 14 பாரம் 10 ஆகணும். ரவிக்கையின் வரலாறு 11 பக்கம் முதல் நாளே போச்சு, அதுக்கு யாரும் அழலை. 18 கழுத்து டிசைனுக்கும் தனித்தனியா முழு வரைபடம் இருந்தது. உடம்புப் பாகம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானேன்னு ஒரே அடிப்படை வரைபடம் வச்சு, கழுத்து ஆழம், அகலம் ரெண்டையும் அட்டவணையா ஆக்கியதில் முப்பது பக்கத்துக்கு மேல மிச்சம்.

உறுத்துறது இது எதுவும் இல்லை. "துணியைப் பற்றி" ஒன்பது பக்கம், பஞ்சு, நூல், நெசவுன்னு பாடப்புத்தகம் மாதிரி. மொத்தமா அடிச்சாச்சு. அதில் ஏழாம் பக்கத்தில், சாயம் போவது பற்றிய பத்திக்கு நடுவில், ஒரு வரி: லைனிங் துணியை வெட்டும் முன் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடவும். அதுவும் கூடவே போச்சு. புத்தகத்தில் வேற எங்கேயும் அது இல்லை.

காட்டன் லைனிங் நூத்துக்கு நாலு சுருங்கினாலே மார்புச் சுற்று 36க்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போகும். மேல் துணி பட்டோ சிந்தெடிக்கோன்னா அது அந்த அளவு சுருங்காது. முதல் தண்ணியிலேயே உள்ளே இருக்கிறது இழுக்கும், மேலே இருக்கிறது கைக்குழி ஓரத்தில் கொசகொசன்னு சுருக்கம் தட்டும். அந்தச் சுருக்கத்தோட ஒரு மாம்பழ மஞ்சள் ப்ளவுஸ் படமா வந்து சேர்ந்தது. கீழே ஒரே கேள்வி: "அளவு எல்லாம் புத்தகப்படிதான், எங்கே தப்பு?"

புள்ளிவரிசை

கோலப் புத்தகம். 150 கோலத்தில் 40 எடுத்தது வலிக்கவில்லை. ஒரே சிக்கு, வளைவு மட்டும் மாறியது, அவ்வளவுதான். வலித்தது படத்துக்குக் கீழே இருந்த வரி. "15 புள்ளி, இடைப்புள்ளி, 1 வரை" என்று இருந்ததை, இடம் போதவில்லை என்று "15 – 1" ஆக்கிவிட்டார்கள்.

போட்டுப் பார்த்தால் தெரியும். இடைப்புள்ளி என்றால் வரிசைக்கு ஒன்று குறையும்: 15, 14, 13 என்று இருபக்கமும் 1 வரை, மொத்தம் 225 புள்ளி. நேர்ப்புள்ளி என்றால் இரண்டிரண்டாகக் குறையும்: 15, 13, 11 என்று போய் 113 புள்ளிதான். இரண்டுமே சரியாக 1இல் முடிவதால் தப்பு என்றே தோன்றாது. வாசலில் குனிந்து 113 புள்ளி வைத்து முடித்து, கோடு இழுக்கும்போதுதான் மூன்றாவது வளைவுக்குப் புள்ளியே இருக்காது. விடிகாலை ஐந்து மணிக்கு அதை அழித்துவிட்டு மறுபடி வைப்பவளிடம் போய் "இடம் போதவில்லை" என்று சொல்லிப் பாருங்கள்.

மரத்தூள்

அக்கா, எல்லாக் கோலத்துக்கும் அந்தச் சொல் வேணும்கறதை ஒத்துக்க மாட்டேன். 15 – 8ன்னு போட்டா அது இடைப்புள்ளிதான். ஒற்றைப்படையில் ஆரம்பிச்சு ரெண்டிரண்டாக் குறைச்சா எட்டே வராது. 15 – 8க்கு 169 புள்ளி, வேற வழியே இல்லை. ஒற்றையில் தொடங்கி ஒற்றையில், இல்லேன்னா இரட்டையில் தொடங்கி இரட்டையில் முடியறதுக்கு மட்டும் சொன்னாப் போதும்.

புள்ளிவரிசை

தம்பி, கணக்கு சரிதான். ஆனால் கோலமாவுக் கிண்ணத்தோடு நிற்பவர் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமா? பாதிப் படத்தில் சொல் இருந்து பாதியில் இல்லாவிட்டால், இல்லாத இடமெல்லாம் நேர்ப்புள்ளி என்று எடுத்துக்கொள்வார்கள்.

நுரை

சோப்புப் புத்தகம். "திரும்பத் திரும்ப வருவதை நீக்கு" என்ற பொது விதிதான் இங்கே குற்றவாளி.

22 செய்முறை. ஒவ்வொன்றிலும் அதே மூன்று வரி: காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாமேல் ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் கூடாது, கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. 22 தடவை எதற்கு என்று முன்னுரைக்கு நகர்த்தி, அங்கே ஒரு பெட்டி கட்டியாயிற்று. திருத்தியவர் கண்ணுக்கு அழகான வேலை. ஆனால் முன்னுரையை யார் பார்க்கிறார்கள்? 61ஆம் பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்துப் போகிறார்கள். அதில் இருப்பது: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம், தண்ணீர் 175 கிராம். கையில் கிடைப்பது அலுமினியக் குண்டான். அந்தக் கரைசல் அலுமினியத்தைத் தின்னும், ஹைட்ரஜன் வாயு பொங்கும், ஏற்கெனவே கொதிக்கிற சூட்டில் இருக்கிற கரைசல் வெளியே தெறிக்கும். சாம்பல் நுரையோடு கறுத்துப்போன குண்டானின் படம் ஒன்று போதும், அந்தப் பெட்டியை யாரும் படிக்கவில்லை என்பதற்கு.

இன்னொன்றும் நடக்க இருந்தது. துணி சோப்பு, குளியல் சோப்பு இரண்டுக்கும் எண்ணெய் ஒன்றே, செய்முறை ஒன்றே என்று சேர்க்கப் போனார்கள். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குத் துணி சோப்பில் 87 கிராம் சோடா, குளியல் சோப்பில் 73. அந்த 14 கிராம் குறைவதால் சோப்பாக மாறாத எண்ணெய் மிஞ்சி நிற்கிறது, தோல் வறளாமல் இருப்பது அதனால்தான். பார்க்க ஒரே பத்தியாக இருக்கிற இரண்டில் ஒரு எண் மாறியிருந்தால் அது இரண்டு பத்திதான்.

வேதியியல் விளக்கம் எட்டுப் பக்கம் போனதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஊசிமுனை

குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல். தையல் பெயர்ச் சுருக்கங்களின் பக்கம் "எல்லாருக்கும் தெரியும்" என்று போனது. அமெரிக்க முறையில் சிங்கிள் என்கிற குட்டைத் தையல் பிரிட்டிஷ் முறையில் டபுள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். எந்த முறை என்று சொன்ன ஒரே வரி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

கோஸ்டர் மாதிரி: 12 டபுளில் தொடக்கம், சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். அமெரிக்க டபுள் உயரமானது, அதற்கு இந்தக் கணக்கு சரி, தட்டையாக வரும். பிரிட்டிஷ் முறையில் பழகிய கை அதையே குட்டைத் தையலாகப் போடும். குட்டைத் தையலுக்கு சுற்றுக்கு 6 கூட்டினாலே போதும்: 6, 12, 18, 24. இரட்டிப்பாகக் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருளும். டம்ளர் வைக்க வேண்டிய இடத்தில் முட்டைக்கோஸ் இலை.

பழைய மெய்ப்பர்

பனையோலைக் கூடைப் புத்தகத்தில் ஓலையை ஊறவைக்கும் நேரம் போய்விட்டது, ஓலை மடக்குமிடத்தில் எல்லாம் விரிசல் விட்டது. என் பங்கு அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நீக்கும் முன் படியை அச்செடுத்து மூன்று நிறப் பென்சிலால் கோடு போடுங்கள். கை செய்ய வேண்டியது சிவப்பு. கண் பார்த்துச் சரிபார்க்க வேண்டியது, அதாவது "ஓரம் பளபளப்பு மங்கினால்", "நூல் விறைத்தால்" போன்றவை, பச்சை. மீதிப் பேச்செல்லாம் நீலம். நீலப் பத்தியை மொத்தமாக எடுக்கலாம், ஆனால் எடுக்கும் முன் அதற்குள் சிவப்பு வரி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏவல் வினைகளைத் தேடுங்கள்: நனை, விடு, ஆறவை, வெட்டாதே. எண்களைத் தேடுங்கள். கிடைத்ததை முதலில் வேறு இடத்தில் குடியேற்றிவிட்டு அப்புறம் பத்தியை எடுங்கள்.

எடுத்ததை அழிக்காதீர்கள். தனிக் கோப்பில், எந்தப் பக்கம், எந்தத் தேதி, ஏன் என்று ஒரு வரியோடு போட்டு வையுங்கள். நூலாசிரியர் சண்டைக்கு வரும்போது அந்த "ஏன்" உதவும். பாதிக்கு மேல் அவரே "சரி, போகட்டும்" என்பார், பொருள் தொலைந்துவிடவில்லை என்று தெரிந்தால்.

பிறகு சோதனை. அந்த வேலை தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு செய்முறையை ஒற்றைத் தாளில் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அவர் நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். வாய் திறக்காதீர்கள், திறந்தால் புத்தகத்தில் இல்லாததை நீங்கள் சேர்த்துவிட்டீர்கள்.

பக்கம் திருப்புவதையும் பாருங்கள். இரண்டு கையும் மாட்டியிருக்கிற கட்டம், முடிச்சை இறுக்கிப் பிடித்திருக்கும்போதோ மாவு பிசையும்போதோ, வலப்பக்கக் கடைசியில் முடிந்து அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது. அங்கே இடம் வேண்டுமானால் அழகுக்குப் போட்ட படத்தைச் சிறிதாக்குங்கள், கட்டத்தின் படத்தை அல்ல. ஒட்டு பைண்டிங் தானாக விரிந்து நிற்காது, கத்தரிக்கோலை மேலே வைத்துத்தான் படிப்பார்கள். நடுமடிப்பு ஓரத்தில் அளவு எண் எதையும் விடாதீர்கள்.

பாரம் கணக்குக்காகக் கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் குறைக்கச் சொன்னால், செய்முறையில் கை வைக்காமல் வாழ்த்துரையில் வையுங்கள்.

கைக்குழி

வாழ்த்துரை கடைசிவரை போகாது ஐயா, அதை எழுதினவர்தான் வெளியீட்டு விழாவுக்குத் தலைமை.

முதல் பதிவுக்கு வருகிறேன். லைனிங் வரிக்கு அழுகிறீர்கள், சரி. அந்தக் கழுத்து அட்டவணை? ஆழம், அகலம் மட்டும்தான் மாறும் என்பது தப்பு. பின்கழுத்து 10 அங்குலம் இறங்கினால் தோள் அளவில் கால் முதல் அரை அங்குலம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் நழுவும். போட் நெக்கில் அகலம் தோள் நுனிவரை போகும், ஆழம் குறைவு, தலை நுழைய பின்னால் திறப்பு வைக்க வேண்டியிருக்கும். உங்கள் ஒரே அடிப்படை வரைபடத்தில் இதெல்லாம் எங்கே? 18 வரைபடத்திலும் தனித்தனியாகத் தோள் எண் இருந்திருக்குமே.

ரவிக்கைப் பக்கம்

இருந்தது. தோள் 18 படத்தில் 12இல் ஒரே எண், 6இல் வேற. அந்த ஆறும் ஆழக் கழுத்து, போட் நெக்தான். பழைய கோப்பைத் திறந்து பார்த்ததும் தெரிஞ்சது.

அடுத்த அச்சுக்கு அட்டவணையில் மூணாவதா "தோள்" கட்டம் சேருது, போட் நெக்குக்கு மட்டும் தனி வரைபடம் திரும்ப வருது. அதுக்கு முன்னுரையில் அரைப்பக்கம் எடுத்தாச்சு. லைனிங் வரியைக் குறிப்பாவோ பெட்டியாவோ போடலை. துணி வாங்கக் கடைக்குப் போறவங்க கட்டாயம் பார்க்கிறது தேவையானவை பட்டியல்தான். அதில் இப்படி: "லைனிங் 1 மீட்டர், நனைத்துக் காயவைத்தது." ரெண்டு சொல்தான் கூடுச்சு, பக்கம் தள்ளலை.