ஒரிஜினல் படங்களையும் பதிப்பகத்திடம் கொடுத்துவிட வேண்டுமா?

ஈரத்தூரிகை:
வணக்கம். டிடிபி வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடமாகச் சிறுவர் புத்தகங்களுக்கு வாட்டர்கலரில் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது 24 பக்கப் புத்தகம், 14 படம். 28,000 ரூபாய் பேசி 8,000 அட்வான்ஸ் வாங்கியாயிற்று. பதினோரு படம் முடித்து போட்டோ எடுத்து அனுப்பினால், பாட்டியின் சேலை பச்சையாக இருக்கிறது, அரக்கு ஆக்கிவிடுங்கள் என்கிறார்கள். பாட்டி ஒன்பது படத்தில் வருகிறாள்! அதோடு ஒரிஜினல்களையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள், "காசு கொடுத்தது நாங்கள்தானே" என்று. பேசும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எல்லாமே போனில்தான். அப்பா "கேட்டா கொடுத்துட்டுப் போடா, அடுத்த புக் வரும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன பதில் சொல்லலாம்?

பென்சில்சீவி:
கொடுக்காதீர்கள். வரைந்தவருக்குத்தான் உரிமை. அச்சடிக்க ஸ்கேன் போதும். சேலையை அவர்கள் டிசைனரே போட்டோஷாப்பில் மாற்றிக்கொள்ளட்டும்.

கும்பகோணத்தான்:
மேலே சொன்னதை அப்படியே நம்பி அவர்களிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒருவர் கேட்டு, காசும் கொடுத்து வரையப்பட்ட ஓவியம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை கேட்டவர்தான் முதல் உரிமையாளர், வரைந்தவர் அல்ல. இது தெரியாமல் நானும் பல வருடம் ஓட்டினேன், நான் போட்ட யானை ஒன்று காலண்டரிலும் துணிப்பையிலும் வந்து நின்ற பிறகுதான் வக்கீல் நண்பர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். எழுத்தில் எதுவும் இல்லையா என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனால் அச்சிடும் உரிமை வேறு, தாள் வேறு. ஒரிஜினலைக் கொடுப்பதாக நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் அதைத் தனியாகப் பேச இடம் இருக்கிறது. இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள்: இந்தப் புத்தகத்துக்கு மட்டும் உரிமை, வேறு மொழிக்கோ காலண்டருக்கோ போட்டால் தனித்தொகை, ஒரிஜினல் என்னிடம். சண்டை தொனி வேண்டாம், "போனில் பேசியதை எழுதி வைக்கிறேன்" என்று ஆரம்பியுங்கள், சம்மதம் என்று பதிலும் வாங்கிவிடுங்கள். உள்பக்கத்தில் உங்கள் பெயரையும் கேளுங்கள். உரிமையை விற்றாலும் இது என் படம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆவது பிரிவில் உங்களிடமே இருக்கிறது.

மழைத்தாள்:
தம்பி, எந்தப் பச்சை அது? தாலோ பச்சை என்றால் தாளில் கை வைக்காதே. அது இழைக்குள் போய் உட்கார்ந்துவிடும், ஈரப் பிரஷ்ஷால் எவ்வளவு ஒற்றி எடுத்தாலும் அடியில் வெளிறிய பச்சை நிற்கும், அதன் மேல் அரக்கு ஏற்றினால் சேறுதான். கோவாஷ், அதாவது அடியில் இருப்பது தெரியாமல் மறைக்கிற கெட்டி வாட்டர்கலர், போட்டு மூடலாம், ஆனால் சுற்றிலும் தாள் தெரிகிற மாதிரி மெல்லிய வாஷ் (தண்ணீர் கலந்த கலர்ப் பூச்சு) இருக்கும்போது நடுவில் அந்தச் சேலை மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரியும். அதனால் ஸ்கேனில் மாற்றுவதுதான் வழி. ஆனால் அதை நீயே செய், அதற்கும் காசு கேள். 600 டிபிஐயில் எடு, ஸ்கேனரின் ஆட்டோ கரெக்‌ஷனை நிறுத்திவிடு. நிறுத்தாமல் ஒருமுறை அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு! இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வைத்த அந்தி வானம், வெள்ளைத் தாளாக அச்சாகி வந்தது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் பென்சில் ரஃப், அப்புறம் தீப்பெட்டி அளவில் கலர் மாதிரி. பாட்டி சேலை என்ன கலர் என்ற பஞ்சாயத்தெல்லாம் அந்தத் தீப்பெட்டியிலேயே முடிந்துவிட வேண்டும். இரண்டுக்கும் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் தண்ணீரைத் தொடுவேன். பென்சிலில் இரண்டு திருத்தம் இலவசம், கலர் ஏறிய பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

ஐப்பசி கார்த்திகையில் தேதி கொடுக்கும்போதும் நிதானம். ஒரு வாஷ் காயவே அரை நாள் போய்விடுகிறது. போன மழைக்கு என் பீரோவில் இருந்த 300 ஜிஎஸ்எம் காட்டன் தாள் பத்து வீணானது. ஈரத்தில் தாளின் பசை செத்துவிட்டால், பிரஷ் பட்ட இடமெல்லாம் மைஒற்றித் தாள் மாதிரி உறிஞ்சிப் புள்ளி விழும். விலை வேறு தெரியும்தானே. பிளாஸ்டிக் கவரில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வை.

கணக்குப்பிள்ளை:
மீதி 20,000 பற்றி யாருமே பேசவில்லையே! சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடிந்துவிடும். மீதிப் படங்களை ஒப்படைப்பதற்கு முன் செய்துவிடுங்கள், வேலை கொடுத்த பிறகு பதிந்தால் பிரயோஜனம் குறைவு. பதிந்திருந்தால், ஒப்பந்தத்தில் என்ன தேதி போட்டாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது, இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். "புத்தகம் அச்சானதும் தருகிறோம்" என்பதெல்லாம் தேதியே இல்லை.

ஈரத்தூரிகை:
எல்லோருக்கும் நன்றி. கும்பகோணத்தான் சொன்ன மாதிரியே மெயில் போட்டேன். ஒரிஜினல் வேண்டாமாம், ஸ்கேன் போதுமாம். சேலைக்குப் படத்துக்கு 400 என்று கேட்டேன், 250 தருகிறார்களாம், சரி என்றுவிட்டேன். பெயர் போடுவது பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்கிறேன். மழைத்தாள் அக்கா, ட்யூபை எடுத்துப் பார்த்தேன். தாலோதான்.