இரண்டு நாள் குழந்தை, மூக்கில் டியூப் நுழையவில்லை: கோவானல் அட்ரீசியாதானா?

புதுவார்டு:
நிறைமாதக் குழந்தை. பால் குடிக்கும்போது உதடு நீலம் பாரிக்கிறது, வீறிட்டு அழுதால் சிவந்துவிடுகிறது. வாயில் ஏர்வே (மூச்சுக்கு வழிவிடும் சின்னக் குழாய்) வைத்ததும் சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) ஏறிவிட்டது. 6 ஃப்ரெஞ்ச் (2 மி.மீ. தடிமன்) டியூப் மூக்கின் இரண்டு பக்கமும் போகவில்லை. கோவானல் அட்ரீசியா (மூக்கின் பின்வாசலான கோவானா பிறவியிலேயே அடைபட்டிருப்பது) என்று எழுதி சி.டி. கேட்கப் போகிறேன். வேறு எதையும் யோசிக்க வேண்டுமா?

காதுமூக்குதொண்டை:
டியூப் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? முக்கியமானதே அதுதான், அதை விட்டுவிட்டீர்களே.

புதுவார்டு:
ஒரு சென்டிமீட்டர்கூடப் போகவில்லை சார். நுழைந்ததுமே முட்டுகிறது.

காதுமூக்குதொண்டை:
அப்படியென்றால் கோவானாவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அடைப்பு அங்கே இருந்தால் டியூப் 3, 3.5 செ.மீ. வரை தாராளமாகப் போய்த்தான் முட்டும். வாசலிலேயே நிற்கிறதென்றால் பைரிஃபார்ம் அபெர்ச்சர் (மூக்கின் எலும்பு முன்வாசல்) குறுகலாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நினைக்காதவர் கண்ணில் படவே படாது. சி.டி. படிவத்தில் வெறும் 'அட்ரீசியா?' என்று எழுதினால் பின்பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். முன்வாசலின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு 11 மி.மீ.க்குக் கீழே இருந்தால் குறுகல். அண்ணமும் படத்தில் வரட்டும். மேல்வரிசை நடுவில் இரண்டுக்குப் பதில் ஒரே பல்மொட்டு தெரிகிறதா? இந்தக் குறுகல் உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு அப்படி இருக்கும். இருந்தால் மூளையிலும் கோளாறு இருக்கலாம்; மூளைக்கு எம்.ஆர்.ஐ., பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) ஹார்மோன்கள் எல்லாம் பார்த்தாக வேண்டும். அந்த ஹார்மோன்கள் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்; அதனால் ரத்தச் சர்க்கரையை மட்டும் இப்போதே பாருங்கள், சி.டி. வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

என்.ஐ.சி.யு. சிஸ்டர்:
டாக்டர், டியூப்பைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்காதீர்கள். சவ்வு வீங்கினால் இருக்கிற கொஞ்ச வழியும் போய்விடும். பாலை வாய்வழி டியூப்பில் கொடுங்கள். கண்ணோரம், மூக்குப் பக்கமாக நீலம் பூத்த சின்ன வீக்கம் இருக்கிறதா? கண்ணீர்ப்பைக் கட்டி மூக்குக்குள் இறங்கியும் அடைக்கும்.

காதுமூக்குதொண்டை:
சிஸ்டர் சொல்வது சரி. மூக்குக்குள் ஏதாவது கட்டி தெரிந்தால், அது அழும்போது பெரிதாகிறதா என்று பாருங்கள். பெரிதானால் மூளைச்சவ்வோடு தொடர்பு இருக்கலாம். பெரிதாகாவிட்டாலும் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அதில் ஊசி வைக்கக் கூடாது.

புதுவார்டு:
கண்ணோரம் வீக்கம் இல்லை, கட்டியும் இல்லை. சர்க்கரை வெறும் 38 (மி.கி./டெ.லி.)! டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஆரம்பித்துவிட்டோம்.

காதுமூக்குதொண்டை:
கார்ட்டிசாலுக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்கும் அதற்கு முன்பே ரத்தம் எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் அதற்காக டெக்ஸ்ட்ரோஸை நிறுத்த வேண்டாம். குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள்.