வள்ளி திருமணத்தில் முருகன் மட்டும் தூங்கி வழிந்தால் என்ன செய்வது?

மேலூர்ப்பக்கம் எழுதியது:

எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவுக்கு இந்த வருடமும் வள்ளி திருமணம்தான் வைத்தோம். விழாக் கமிட்டியில் நானும் இருக்கிறேன், அதனால் திட்டு எனக்கும் சேர்த்து விழுகிறது. பபூனும் டான்ஸும் பிரமாதம். நாரதர் பரவாயில்லை. வள்ளியாக வந்த அம்மா தினைப்புனத்தில் கிளி விரட்டி ஆலோலம் பாடியபோது டீக்கடைப் பக்கம் ஒதுங்கியவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் முருகனாக நடிக்கிற ராஜபார்ட் வந்தார். எல்லாம் போச்சு.

குரல் இல்லை என்று சொல்ல மாட்டேன். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. ஆனால் மைக்குக்கு முன்னால் நட்டுவைத்த எல்லைக்கல் மாதிரி நின்றார். வேடனாக வந்து, துரத்தி வந்த மானைப் பற்றி வள்ளியிடம் விசாரிக்க வேண்டிய இடம். மானைத் தொலைத்தவனாகவும் இல்லை, பெண்ணைப் பார்த்து மயங்கியவனாகவும் இல்லை. பந்தலுக்கு வெளியே நின்ற வேனைப் பார்த்தபடி 'காயாத கானகத்தே' பாடி முடித்தார். வள்ளி குறுக்குக் கேள்வி போட்டால், "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார். விருத்தன் காட்சி அதைவிட மோசம். கிழவனுக்குக் கூன் இல்லை, இருமல் இல்லை, தாடி மட்டும்தான் கிழவன். அதுவும் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. தேனும் தினைமாவும் தின்றுவிட்டுத் தண்ணீருக்குத் தவிக்கிற இடத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த முறை ஒரு சத்தம் இல்லை.

என் கேள்வி இதுதான். பாட்டெல்லாம் தெரிந்த ஒரு நடிகர் ஏன் இப்படி நடிக்கிறார்? களைப்பா, அலட்சியமா, இல்லை இப்போது எல்லோருமே இப்படித்தானா? அடுத்த வருடம் ஆள் பேசும்போது எதைப் பார்த்துப் பேசுவது? "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை என் மாமா விடிய விடியச் சொல்லிவிட்டார்.

சபாரசிகன் எழுதியது:

ஒத்திகை இல்லாததுதான் காரணமாக இருக்கும். நாடகத்துக்கு முந்தைய நாள் எல்லோரையும் வரவழைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இயக்குநர் ஒருவர் இருந்தால் தாடி தொங்குவதையாவது கவனித்திருப்பார்.

ஆர்மோனியப்பெட்டி எழுதியது:

சபாரசிகன் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையும் கிடையாது, இயக்குநரும் கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் திண்டுக்கல், பபூன் மதுரை. ஒவ்வொருவருக்கும் தனியாகத் தேதி, தனியாகச் சம்பளம். பவுடர் போடுகிற இடத்தில்தான் முகம் பார்த்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் விருத்தமும் எல்லோருக்கும் பாடம், அந்தத் தைரியத்தில்தான் ஏறுகிறோம். எந்தப் பாட்டை எடுப்பது, வள்ளியும் முருகனும் கேள்வி போட்டு மடக்கிக்கொள்கிற தர்க்கத்தை எவ்வளவு நேரம் இழுப்பது என்பதெல்லாம் மேடையில்தான் முடிவாகும். நன்றாக அமைந்த இரவில் அதுதான் ருசி.

பின்பாட்டுக்காரனாகப் பல வருடம் பெட்டியோடு உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மேலூர்ப்பக்கம் தம்பி, உங்கள் ஊரில் பபூன் எத்தனை மணிக்கு இறங்கினார்? பத்து மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்கு இறங்க வேண்டியவர், கூட்டம் கைதட்டுகிறது என்று ஒன்று, ஒன்றரை வரை நிற்பார். கமிட்டியே "இன்னும் கொஞ்சம்" என்று சீட்டு அனுப்பும். அப்புறம் பொன்னாடை, நன்கொடையாளர் பெயர் வாசிப்பு. வேடன் வரும்போது பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் பாயில் படுத்திருப்பார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை அநேகமாக ஒரு இரவு விடாமல் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் பாடி, பகலில் பஸ்ஸில் தூங்கினால் யாருக்கும் கண் வேன் பக்கம்தான் போகும்.

அடுத்தது சுருதி. இதை யாரும் பேசுவதில்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று ஆணும் பெண்ணும் உச்சத்தில் பாடினார்கள். ராஜபார்ட் கிட்டப்பா பாடிய உயரத்துக்கு எதிரே ஸ்திரீபார்ட் கே.பி. சுந்தராம்பாள் நின்றார் என்றால், இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே கட்டை, அதாவது ஒரே சுருதி அளவு, ஒத்துவந்தது. அதனால் அவர் விட்ட அடியை இவர் அப்படியே எடுக்க முடிந்தது. இன்று முருகன் இரண்டு கட்டை, வள்ளி ஐந்து கட்டை. நான் பெட்டியில் ஒரு நொடியில் மாறிவிடுவேன். மிருதங்கம் மாற முடியுமா? ஒரு சுருதிக்குக் கூட்டிவைத்த வாத்தியம் அது. இன்னொன்றை எடுத்து வைப்பார், இல்லையென்றால் தட்டாமல் சும்மா இருப்பார். நீ ஒரு வரி, நான் ஒரு வரி என்று மோத வேண்டிய பாட்டு நடுவில் அறுந்துவிடும். அந்த இடைவெளி பிடிக்காமல் பல ராஜபார்ட்டுகள் எதிர்ப்பாட்டையே விட்டுவிட்டு ஒரு சினிமா மெட்டை இழுத்து முடித்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது உயிரில்லாத நடிப்பாகத் தெரிகிறது.

உங்கள் மாமாவுக்கு ஒரு செய்தி: இந்தப் புகார் நூறு வருடத்துக்கு மேல் பழையது. வயதுவந்த நடிகர்கள் கட்டுக்குள் நிற்கவில்லை என்று சலித்துப்போய்த்தான் சுவாமிகள் பையன்களை வைத்து நாடகம் நடத்தப் போனார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். பின்னால் நாடகத்தில் பேர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பழகியவர்கள்தான்.

யாழ்க்கூத்தன் எழுதியது:

எங்கட பக்கம் இதற்கு நேர்மாறு. காங்கேசன்துறை வசந்த கான சபாவில் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் என்ற அரிச்சந்திரன் நாடகம் அதே குழுவோடு ஊர் ஊராகப் போனது. எதிரே நிற்பவர் எந்த இடத்தில் மூச்செடுப்பார் என்று தெரியும். பிள்ளையின் உடலோடு வந்து நிற்கிற மனைவியிடம் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிற அரிச்சந்திரனுக்கு, பாட்டைவிட அதற்கு முந்தைய மௌனம் முக்கியம். முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்த மௌனத்தைப் பிடிப்பது கஷ்டம். ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் சோடியாகப் பேசுங்கோ என்பதுதான் என் யோசனை.

பழைய_ஸ்திரீபார்ட் எழுதியது:

ஆர்மோனிய அண்ணன் சொன்னதில் சுருதி சரி. களைப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பங்குனியில் எனக்கும் அதே இரவுகள்தான், அதே பஸ்தான். கூடவே இரண்டு பிள்ளைகளுக்குக் காலையில் சோறு பொங்கவும் வேண்டும்.

தம்பி, அந்த முருகனுக்குப் பயம். முன்பு தர்க்கத்தில் வள்ளி ஜெயித்தால் விசில் பறக்கும், ராஜபார்ட் மறுபடி மடக்கினால் அதைவிடப் பறக்கும். தோற்பதும் ஆட்டத்தில் ஒன்று என்று ஏற்கிறவர்கள் இருந்தார்கள். அப்புறம் அப்புறம், மேக்கப் போடும்போதே "அம்மா, இன்றைக்கு ரொம்ப இழுக்காதீங்க, நாலு கேள்வியோடு முடிச்சுக்குவோம்" என்று சொல்லிவிடுவார்கள். நாலு கேள்வியும் என்னவென்று தெரியும், நாலு பதிலும் தெரியும். அதில் முகத்தில் என்ன வந்துவிடும்?

ஒரு தடவை நான் பொறுக்க முடியாமல், "வேடரே, மானைத் துரத்தி வந்தவர் கையில் வில்லைக் காணோமே, எங்கே அடகு வைத்தீர்?" என்று கேட்டுவிட்டேன். வில்லை உண்மையிலேயே பெட்டியில் மறந்துவிட்டு வந்திருந்தார். நல்ல நடிகன் என்றால் "உன் புருவம் இருக்க இன்னொரு வில் எதற்கு" என்று ஒரு போடு போட்டிருக்க வேண்டாமா? முறைத்தார். மறுநாள் ஏஜென்டிடம் புகார். அந்த வட்டாரத்தில் அந்த சீசன் முழுக்க எனக்குத் தேதி வரவில்லை. உங்கள் ஊர் வள்ளி இரண்டாவது கேள்வியோடு விட்டிருந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

மேலூர்ப்பக்கம் எழுதியது:

அக்கா, விட்டார்தான். மூன்றாவது கேள்விக்கு வாயெடுத்தார், அப்படியே அடக்கிக்கொண்டு தினைப்புனத்துப் பக்கம் திரும்பிவிட்டார். மறந்துவிட்டார் போல என்று அப்போது நினைத்தோம்.

ஆர்மோனிய அண்ணே, சுருதி விஷயம் புதிதாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் தாடியை ஒழுங்காக ஒட்டுவதற்கு எத்தனை கட்டை வேண்டும்? கூன் போடுவதற்கு மிருதங்கம் மாற்ற வேண்டுமா? கூட்டம் தூங்குகிறது என்கிறீர்கள். ஆலோலத்துக்கு உட்கார்ந்திருந்த அதே கூட்டம்தானே இவர் வந்த பிறகு எழுந்து போனது? யூடியூப்பில் இவர் பாட்டுகளைக் கேட்டுத்தான் பேசினோம், நன்றாகவே இருந்தது.

ஆர்மோனியப்பெட்டி எழுதியது:

தாடிக்கு என்னிடம் பதில் இல்லை. அது சோம்பேறித்தனம்தான்.

யூடியூப்பை நம்பாதீர்கள். அதில் பாட்டு மட்டும்தான் வரும். வள்ளி கேட்கிறபோது இவர் எப்படி நிற்கிறார் என்று எவனும் படம் பிடிப்பதில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவில் அவருக்குத் தேதி இருக்கும், கமிட்டியில் ஒருவர் போய்ப் பாருங்கள். பத்து மணிக்குப் போகாதீர்கள், இரண்டு மணிக்கு மேல் போங்கள். ஏஜென்டிடம் தர்க்கம் முழுதாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னபடி முருகனையும் வள்ளியையும் சேர்த்தே கேளுங்கள். அடிக்கடி ஒன்றாக நடிக்கிற சோடிகள் இங்கேயும் உண்டு, கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தப் பணத்தை மைக்செட்டில் குறைத்துக்கொள்ளலாம், உங்கள் ஊருக்கு எதற்கு அத்தனை ஸ்பீக்கர்? பபூனுக்கும் பன்னிரண்டு என்று நேரம் சொல்லிவிடுங்கள். பொன்னாடையை விடிந்த பிறகு மங்களம் பாடியதும் போர்த்தலாம், யாரும் குளிரில் நடுங்கவில்லை.

பழைய_ஸ்திரீபார்ட் எழுதியது:

அந்த வள்ளியின் பெயரை மறக்காமல் ஏஜென்டிடம் சொல்லிக் கேளுங்கள் தம்பி. மூன்றாவது கேள்வியைக் கேட்கலாம் என்று கமிட்டியே அவரிடம் நேரில் சொல்லட்டும்.