ஆதியாகமத்தின் ஆறு நாட்களும் பரிணாமப் பாடமும்

கேள்வி (ஈரோடு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை):
பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி, பரிணாமப் பாடமும், கடவுள் ஆறு நாட்களில் உலகைப் படைத்தார் என்று சொல்லும் ஆதியாகமத்தின் (வேதாகமத்தின் முதல் நூல்) முதல் அதிகாரமும் பொருந்தவில்லையே, எதை நம்புவது என்று கேட்டாள். தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடு என்று சபைப் பெரியவர் ஒருவர் சொன்னது எனக்குச் சம்மதமில்லை. நம்பாததை எழுதப் பழக்குவதாகவே அது முடியும். அவளுக்கு நேர்மையாக என்ன சொல்லலாம்?

மறுமொழி (கோயம்புத்தூர்):
சகோதரி, இந்தக் கேள்வி டார்வினுக்குப் பிறகு பிறந்ததன்று. சூரியன் நான்காம் நாளில் படைக்கப்பட்டதென்றால் அதற்கு முந்தைய நாட்கள் எத்தகையவை என்று புனித அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். வானத்தையும் பூமியையும் பற்றிக் கிறிஸ்தவர்கள் அறியாமல் பேசினால், அவற்றை அறிந்த பிறர் வேதத்தையே இகழ்வார்கள் என்றும் எச்சரித்தார். பட்டாணிச் செடிகளில் மரபியலின் அடிப்படை விதிகளைக் கண்டு 1866-இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. நம் கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், இனிப்புக் கரும்போடு காட்டு இனத்தைக் கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கியது. உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறுவதைக் கொங்குநாட்டு உழவர்கள் அறிவார்கள். அந்தப் பெரியவரிடமும் இதிலிருந்தே பேசத் தொடங்கலாம்.

மறுமொழி (கருமத்தம்பட்டி):
அண்ணன் சொன்ன கரும்பு நல்ல தொடக்கமே. ஆனால் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்ப்பது ஒரு சிறு பகுதிதான். புதைபடிவங்களும் டிஎன்ஏ ஒப்பீடுகளும் காட்டும் பொது மூதாதையரையும் அந்தப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. அறிவியலை விசுவாசத்துக்குச் சாட்சியாக இழுப்பதையும் நான் ஏற்கவில்லை. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய லெமைத்ர் கத்தோலிக்கக் குரு. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசியதை லெமைத்ரே விரும்பவில்லை. நாளை ஒரு கோட்பாடு திருத்தப்பட்டால், அதன்மேல் கட்டிய விசுவாசம் என்னாவது?

மறுமொழி (தாராபுரம்):
ஆறு நாட்களை எழுத்தின்படி கொள்ள வேண்டியதில்லை என்றால், அடுத்து உயிர்த்தெழுதலையும் அப்படித்தானே சொல்வார்கள்? என் அச்சம் அதுவே.

மறுமொழி (கோயம்புத்தூர்):
ஐயா, உங்கள் அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று கேபாவையும் (பேதுரு) யாக்கோபையும் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஐந்நூறுக்கு மேற்பட்ட வேறு சகோதரர்களில் பெரும்பாலோர் அப்போதும் உயிரோடிருந்ததாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நடந்த நிகழ்ச்சியாகவே அது அறிவிக்கப்பட்டது. "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று திரும்பத் திரும்ப வரும் முதல் அதிகாரத்தின் நடை அத்தகையதன்று. உலகம் யாருடையது, மனிதர் யாருடைய சாயல் என்பதே அதன் பொருள். உண்மையில் கடினமானது, ஆதாம் என்னும் ஒரே மனிதனால் பாவமும் மரணமும் உலகில் வந்தன என்று சொல்லும் ரோமர் ஐந்தாம் அதிகாரம் எழுப்பும் கேள்வி. இறையியலாளர்கள் அதில் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை என்பதையும், சகோதரி, அவளிடம் சொல்லிவிடுங்கள்.