டர்போவில் கம்ப்ரஸர் வீல் மாற்றினால் பேலன்சிங் அவசியமா? அவசரம்

புகைவண்டி: டர்போவை (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) பிரித்து ரிப்பேர் கிட் போட்டேன், வீலும் மாற்றியாச்சு. இப்போது ஆக்சிலேட்டர் மிதித்தால் சைரன் மாதிரி ஊளையிடுகிறது. திரும்ப பேலன்ஸ் செய்ய வேண்டுமா, இல்லை ஓட ஓடச் சரியாகிவிடுமா? நாளைக்கு வண்டி வேண்டும்.

லேத்துக்காரன்: எந்தப் பக்க வீல்? புஷ் பேரிங்கா, பால் பேரிங்கா? கழற்றும் முன் நட், வீல், ஷாஃப்ட் மூன்றிலும் நேர்கோட்டில் மார்க் போட்டீர்களா?

டீசல்தம்பி: பேலன்சிங் எல்லாம் காசு பிடுங்கும் வேலை நண்பரே. சத்தம் என்றாலே இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்தான். கிளிப்பை இறுக்குங்கள்.

நாலாம்கியர்: என்ன வண்டி, என்ன டர்போ என்றே சொல்லவில்லையே. சத்தத்தோடு பிக்கப்பும் குறைகிறதா? கரும்புகை வருகிறதா?

புகைவண்டி: காற்றுப் பக்க வீல், கம்ப்ரஸர்தான். மார்க் போடவில்லை, புது வீல்தானே. டப்பாவிலேயே 'பேலன்ஸ் செய்யப்பட்டது' என்று இருந்தது.

பழையஸ்பானர்: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் பார்க்கிற பழக்கமே ஒருத்தருக்கும் இல்லை. சரி, கேள் தம்பி. டப்பாவில் போட்டிருப்பது அந்த வீலுக்கு மட்டும். ஷாஃப்ட், த்ரஸ்ட் காலர், நட் ஒவ்வொன்றிலும் துளித்துளி பிழை இருக்கும். சேர்த்து முறுக்கும்போது அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடலாம், ஒரே பக்கமாகக் கூடவும் செய்யலாம். ஒரு கிராம் எடை மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், நிமிடத்துக்கு 1,50,000 சுற்றில் ஏறக்குறைய 25 கிலோ பலத்தோடு ஷாஃப்ட்டை இழுக்கும். சுற்று பாதியானால் பலம் கால்வாசிதான், அதனால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. புஷ்ஷைச் சுற்றியுள்ள ஆயில் படலம் இதை எத்தனை நாள் தாங்கும்? கோர் அசெம்பிளியை (ஷாஃப்ட், வீல்கள், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) முழுசாக மெஷினில் ஏற்றி, ஆயில் பிரஷர் கொடுத்து, வேகமாகச் சுழற்றிப் பார்ப்பது இதற்குத்தான். ஹவுசிங் மட்டும் மாற்றினால் தேவையில்லை. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் மாற்றினால் செட்டிங் பார்க்க வேண்டும், அது வேறு வேலை.

பில்லட்பிரியன்: பில்லட் வீல் போட்டால் இந்தத் தலைவலியே கிடையாது. முழு உலோகக் கட்டியை சிஎன்சி மெஷினில் கடைந்தது, வார்ப்பு வீல் மாதிரி இல்லை.

லேத்துக்காரன்: கடைந்த வீலையும் பேலன்ஸ் செய்துதான் விற்கிறார்கள். புது வீலின் பின்புறத்திலோ மூக்கிலோ சுரண்டிய தடம் இருக்கும், பாருங்கள்.

பில்லட்பிரியன்: நான் அப்படியே போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழையஸ்பானர்: ஆகிற வரைக்கும் ஆகாதுதான்.

பில்லட்பிரியன்: உங்களிடம் யார் சான்றிதழ் கேட்டது? வார்ப்பு வீலில் இறக்கை தடிமன், எடை அதிகம். அதைப் பற்றிப் பேசுங்கள்.

லேத்துக்காரன்: எடை பேச்சே இல்லை இங்கே. எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பதுதான்.

நாலாம்கியர்: சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். புகைவண்டி, புகையைப் பற்றிக் கேட்டேனே? ஊளை சுற்றோடு சேர்ந்து ஏறினால் பேலன்ஸ் சந்தேகம். பிக்கப் செத்து உஸ்ஸென்று காற்று சீறினால் கசிவைப் பாருங்கள். அதுவரை மிதித்து ஓட்டாதீர்கள், வீல் ஹவுசிங்கில் உரசினால் புது வீலும் போச்சு.

புகைவண்டி: கோர் அசெம்பிளியைக் கொடுத்து பேலன்ஸ் செய்து மாட்டியாச்சு. காற்றுப் பக்கம்தான் அதிகம் காட்டியதாம், நட்டில் கொஞ்சம் அரைத்து எடுத்தார்கள். மாட்டும்போது ஒரு ஹோஸில் விரிசல் தெரிந்தது, அதையும் மாற்றினேன். சத்தம் போய்விட்டது. நன்றி.

டீசல்தம்பி: ஹோஸ்தான் என்று முதலிலேயே சொன்னேனா இல்லையா!

பழையஸ்பானர்: தம்பி, அவர் எழுதியதில் முதல் வரியையும் படிக்கவும்.