இதயம் நிற்கவில்லை, அப்புறம் ஏன் "செயலிழப்பு"?

சுங்கை சிப்புட் தாதி, திங்கள் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். வருகிற ஞாயிறு எங்கள் கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம். இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) சோதனையோடு இதய நோய் பற்றி ஒரு தாளும் கொடுக்கப் போகிறோம். வியாழன் மதியம் அச்சுக்குப் போயாக வேண்டும். தாளை எழுதுவது நான்தான். மாரடைப்பு வரைக்கும் தடங்கல் இல்லாமல் வந்தது. ஹார்ட் ஃபெய்லியரில் பேனா நின்றுவிட்டது.

பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய தாத்தா ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். வாசலில் இருந்து நாற்காலிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. செருப்பு வார் பதிந்த இடமெல்லாம் பள்ளம். கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. இருபதுவரை எண்ணினேன், மேலே வரவில்லை. "மாத்திரை சாப்பிடுறீங்களா தாத்தா?" என்றால், மூன்று வாரமாக இல்லையாம். எங்கிருந்தோ கிடைத்த ஒரு தமிழ்த் தாளில் "இதயச் செயலிழப்பு" என்று இருந்ததைப் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். "செயலிழந்து போச்சுன்னு எழுதியிருக்கேம்மா, செத்த மாட்டுக்கு எதுக்குப் புல்லு?" என்று கேட்டார். வளர்த்த ஆடுகளையும் விற்று மகள் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

அவர் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு கேட்கிற அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது, அதுதான் நோய். குழாய் அடைபட்டு இதயத் தசைக்கு இரத்தம் போகாமலிருப்பது மாரடைப்பு. அடிப்பதே நின்று ஆள் சாய்ந்துவிடுவது இதய நிறுத்தம். அங்கே உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இந்த மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். முதலாவதற்குப் பயமுறுத்தாத ஒரு சொல் தாருங்கள். நான் "இதயத் தளர்ச்சி" என்று வைத்திருக்கிறேன்.


தைப்பிங் ஆசிரியர், செவ்வாய் காலை

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. "இழப்பு" என்றால் முழுதும் போனது. உயிரிழப்பு என்கிறோம், பாதி உயிர் போனவனை அப்படிச் சொல்வதில்லை. ஆகவே செயலிழப்பு பொருந்தாது.

ஆனால் அதற்கு முன்பே ஒரு பிழை இருக்கிறது. "இதயம்" நம் சொல்லன்று. ஹ்ருதயம் இருதயமாகி, பிறகு இதயமானது. நமக்கு "நெஞ்சாங்குலை" என்ற சொல் அகராதியிலேயே உண்டு. குலை என்பது தொங்குவது. பெருங்குழாய்களில் கொத்தாகத் தொங்கும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியில் இருக்கிறது? குறுந்தொகையின் முதற்பாட்டில் "குருதிப் பூவின் குலைக்காந் தட்டே" என்கிறாரே புலவர். குருதியும் குலையும் ஓரடியில் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். "நெஞ்சாங்குலை நலிவு" என்று போடலாம் என்பது என் பரிந்துரை.


கோல சிலாங்கூர் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மதியம்

ஐயா, அந்த அடியில் குலை காந்தள் பூவின் கொத்து. குருதி அந்தப் பூவின் நிறம். இதயத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லையே. அப்புறம், எங்கள் பக்கம் குலை என்றால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைதான். லாரியில் ஏற்றுவது, எடை போடுவது, முதுகு ஒடிவது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

"இழப்பு" பற்றியும் ஒன்று. எடையிழப்பு என்கிறோம். எடை இழந்தவர் எடையே இல்லாதவரா? இழப்பு பகுதியாகவும் இருக்கலாம். சிறுநீரகச் செயலிழப்பு என்று நாளிதழ்களில் நிலைத்துவிட்டது. ஒரே மருத்துவக் கருத்துக்கு உறுப்புக்கு ஒரு சொல் என்று போனால் மொழிபெயர்ப்பவன் பாடு திண்டாட்டம். தாத்தாவுக்கு விளக்கம் சொல்லித் தருவோம் அக்கா, சொல்லை மாற்ற வேண்டாம்.


சுங்கை சிப்புட் தாதி, செவ்வாய் மாலை

தம்பி, விளக்கம் சொல்ல நான் பக்கத்தில் இல்லாதபோதுதான் அவர் மாத்திரையை நிறுத்தினார். தாள் தனியாக வீட்டுக்குப் போகிறது. கூடவே போவது அந்தச் சொல் ஒன்றுதான்.


ஈப்போ டாக்டர், செவ்வாய் இரவு

அக்கா, ஐயா, வணக்கம். வார்டு முடிந்து இப்போதுதான் படித்தேன்.

நெஞ்சாங்குலை அழகான சொல். ஆனால் நெஞ்சு என்று தொடங்கினால் நோயாளிக்கு மார்பு முழுவதும் நினைவுக்கு வரும். நெஞ்சுச் சளி நுரையீரலில், நெஞ்செரிச்சல் வயிற்றுப் புளிப்பில். எங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் குழப்பம் போதும்.

தளர்ச்சிக்கு எனக்குப் பெரிய மறுப்பு உண்டு. சுற்றி வளைத்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதயம் சேர்ந்து இயங்கும் இரண்டு பம்புகள். வலப்பக்கம் உடம்பிலிருந்து திரும்பும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் நுரையீரலிலிருந்து வருவதை உடம்புக்கு அனுப்புகிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். இடப்பக்கம் தடுமாறினால் நுரையீரலில் தேங்கும், படுத்தால் மூச்சு முட்டும், தலையணை இரண்டு மூன்றாகும். வலப்பக்கம் தடுமாறினால் கால் வீங்கும். பெரும்பாலும் ஒன்று மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்குகிறது, பிறகு தளர்கிறது. தளரும்போதுதான் இரத்தம் உள்ளே வந்து நிரம்புகிறது. ஆக "இதயத் தளர்வு" ஆரோக்கியமான வேலை. இன்னொன்றும் இருக்கிறது. இந்த நோயில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தசை வலுக் குறைந்து சரியாகச் சுருங்காது. உள்ளே நிரம்பியதில் 50 முதல் 70 விழுக்காடு வெளியே தள்ள வேண்டிய இதயம் 40 அல்லது அதற்கும் கீழே வந்துவிடும். மற்றதில் சுருங்குவது சரியாகவே இருக்கும். ஆனால் சுவர் தடித்து, விறைத்து, தளர மாட்டேன் என்கிறது. உள்ளே போதிய இரத்தம் வராது. பல வருஷம் இரத்தக் கொதிப்பு இருந்த பாட்டிமார் பலருக்கு இந்த வகைதான். தளராததால் வந்த நோயைத் "தளர்ச்சி" என்று எழுதினால் நான் எப்படி விளக்குவேன்? வலுக்குறைவு, நலிவு எல்லாம் இதே காரணத்தால் பாதி நோயாளிகளுக்குப் பொருந்தாது.

இரண்டு வகைக்கும் பொதுவானது ஒன்றுதான். உடம்புக்குப் போதுமான அளவு இதயத்தால் கொடுக்க முடியவில்லை. "இதயப் போதாமை" என்று வைத்தால் என்ன?


கோல சிலாங்கூர் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் நள்ளிரவு

டாக்டர், தளர்ச்சிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. "நரம்புத் தளர்ச்சி" விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதன் தம்பி என்று நினைத்துவிடுவார்கள்.


தைப்பிங் ஆசிரியர், புதன் காலை

டாக்டர் அம்மாவின் விளக்கத்தைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டேன். நன்றி. ஆனாலும் நலிவை விட மனமில்லை. நலிவு என்றால் வலுக்குறைவு மட்டுமன்று, வருத்தம், துன்பம் எல்லாம் அதில் அடங்கும். விறைத்துப்போன இதயமும் நலிந்த இதயமே. போதாமை எனக்கு ஒப்பவில்லை. போதாது என்பது அரிசிக்கும் சம்பளத்துக்கும் சொல்வது. எதிர்மறைதான் வேண்டுமென்றால் "ஆற்றாமை" இருக்கிறது. ஆற்றுதல் செய்தல், ஆற்றாமை செய்யமாட்டாமை. இலக்கணம் துல்லியமாகப் பொருந்துகிறது.


சுங்கை சிப்புட் தாதி, புதன் காலை

சார், "இதய ஆற்றாமை" என்று படித்தால் தலைவனைப் பிரிந்த தலைவி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். வள்ளுவர் "நெஞ்சொடு கிளத்தல்" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். எங்கள் முகாமுக்கு வருபவர்கள் காலைக் காட்டி "வீங்குது" என்பார்கள்.

இந்தக் குழப்பம் மலாய் மொழியிலும் உண்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பாட்டி, நெஞ்சு வலியைச் சொல்லத் தெரியாமல், "சாக்கிட் ஹாத்தி" என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார். மலாயில் அது மனத்தாங்கல். யாரோடு சண்டை என்று சிரித்துக்கொண்டே உட்காரவைத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது புடவையின் முன்பக்கம் வேர்வையில் நனைந்திருந்தது. ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. ஒரு சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது அதனால்தான்.


சிரம்பான் அன்பர், புதன் மதியம்

தங்கச்சி சொன்னது நெஞ்சில் தைத்தது. மலாயில் ஹாத்தி என்ற உறுப்பு ஈரல். மனதுக்கும் அதே சொல். நாமும் "ஈரக்குலை நடுங்குது" என்கிறோமே. அச்சத்தை ஈரலில் வைத்திருக்கிறோம். இதயத்துக்கு அவர்கள் ஜந்துங் என்கிறார்கள். வாழைப்பூவுக்கு ஜந்துங் பீசாங். தார் நுனியில் தொங்குகிற, சிவந்த, கூம்பான பூ. ஆசிரியர் ஐயாவின் குலைக்கு அண்டை வீட்டிலேயே சாட்சி கிடைக்கிறது.

என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஊரைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் அங்கேதான் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் படிப்பித்தார், பாட நூல்களைத் தமிழாக்கினார். ஆகவே நாம் பேசுவது புதிய வழக்கு இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வழக்கு.

என் ஆச்சிக்கு உடம்பு சரியில்லை என்றால் "ஏலாமக் கிடக்கிறா" என்பார்கள். ஏலாது என்பது இயலாது. இங்கே தோட்டத்தில் என்ன சொல்கிறார்கள்? "மேலுக்கு முடியலை." இரண்டும் ஒன்றேதான். நோய்க்குத் தமிழன் வைத்த பெயரே முடியாமை! "இதய இயலாமை" என்று எழுதுங்கள். சுருங்க இயலாவிட்டாலும் சரி, தளர இயலாவிட்டாலும் சரி, டாக்டரின் இரண்டு வகையும் இதற்குள் வரும்.


ஈப்போ டாக்டர், புதன் இரவு

அண்ணன், இது எனக்குப் பிடித்திருக்கிறது. போதாமைதான் இன்னும் துல்லியம் என்று நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு வார்டில் "உங்க இதயத்துக்கு முடியலை ஐயா, அதுக்கு உதவத்தான் மாத்திரை" என்று வாய் தடுமாறாமல் சொல்ல வரும். போதாமையை அப்படிப் பேச முடியாது.


தைப்பிங் ஆசிரியர், புதன் இரவு

இயலாமையில் ஒரு கையறு நிலை ஒலிக்கிறது. "என் இயலாமையை எண்ணி அழுதேன்" என்றல்லவா எழுதுகிறோம். பயத்தைப் போக்கப் புறப்பட்டு, பரிதாபத்தில் முடிக்கிறோம்.


கோல சிலாங்கூர் மொழிபெயர்ப்பாளர், வியாழன் காலை

நான் செயலிழப்பில்தான் நிற்கிறேன். பாடநூலில் மாணவர் ஒன்றும், முகாமில் தாத்தா ஒன்றும் படித்தால் இரண்டு தமிழாகிவிடும். ஆனால் தாள் அக்காவுடையது, முடிவும் அக்காவுடையதாக இருக்கட்டும்.


சுங்கை சிப்புட் தாதி, வியாழன் மாலை

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பு "இதய இயலாமை". அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், "இதயம் நின்றுவிடவில்லை. உடம்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை." டாக்டரும் சிரம்பான் அண்ணனும் நானும் ஒரு பக்கம். மற்ற இருவரும் மன்னிக்க வேண்டும். தம்பிக்காகக் கடைசி வரியில், "சில தாள்களில் இதைச் செயலிழப்பு என்றும் எழுதுவார்கள்" என்று சேர்த்திருக்கிறேன்.

மற்றபடி டாக்டர் சரிபார்த்துக் கொடுத்தபடியே: காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்ப்பது; மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக்குக்குச் சொல்வது; தன் விருப்பத்துக்கு மாத்திரையை நிறுத்தாமலிருப்பது. உப்பைக் குறையுங்கள் என்று மட்டும் எழுதினால் கருவாட்டை யாரும் உப்பில் சேர்க்க மாட்டார்கள். அதனால் கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ், மேகி என்று பெயர் சொல்லியே போட்டேன்.

தாத்தாவிடம் அச்சுக்கு முன்னால் படித்துக் காட்டினேன். தலைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெத்திலியும் கூடாதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். மாத்திரை திரும்பச் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது. குழி இப்போது ஐந்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிடுகிறது.


தைப்பிங் ஆசிரியர், வியாழன் இரவு

மகிழ்ச்சி அம்மா. தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் வாக்கு நலிவுக்கே, அது பதிவில் இருக்கட்டும்.

தாளின் இரண்டாம் பக்கத்தில் "வால்வு" என்று கண்டேன். ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் அந்தக் கதவுக்கு "ஓரதர்" என்ற சொல் இருக்கிறது. அதர் என்றால் வழி, ஓரதர் ஒருவழி. அடுத்த பதிப்பு எப்போது?