யாஹூ மெசஞ்சர் எப்படி இப்படித் தேய்ந்து போனது? பழைய சாட் கோப்புகளைப் படிக்க வழி உண்டா?

மழைக்குருவி:
பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறியபோது யாஹூ மெசஞ்சரின் ஃபோல்டர் அப்படியே கிடைத்தது. உள்ளே என் தோழியின் ஐடி பெயரில் நிறைய டி.ஏ.டி. கோப்புகள், ஒவ்வொன்றின் பெயரும் 20060311 என்பது போலத் தேதியில் தொடங்குகிறது. அவள் இப்போது உயிரோடு இல்லை. நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வருகிறது. படிக்க முடியுமா? அப்புறம், வாய்ஸ், வெப்கேம், சாட் ரூம் என்று எல்லாம் அப்போதே வைத்திருந்த ஒன்று எப்படிக் காணாமல் போனது?

பழையகீபோர்டு:
முடியும், கவலைப்படாதீர்கள். முதலில் ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அந்தக் கோப்புகளில் இருப்பது பலமான பூட்டு இல்லை, நீங்கள் லாகின் செய்த யூசர்நேமையே சாவியாக வைத்து எழுத்துகளை மாற்றி எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். பாஸ்வேர்டு மறந்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் ஐடி நினைவிருந்தால் போதும், தோழியின் ஐடி அல்ல. இதற்கென்றே சின்னச் சின்ன டீகோடர்கள் இருக்கின்றன. தயவுசெய்து எந்த வெப்சைட்டிலும் அப்லோடு செய்யாதீர்கள், உங்கள் கணினியிலேயே திறக்கலாம்.

நடுநிசி:
ஏன் தேய்ந்தது என்றால், என்னைப் பொறுத்தவரை ஃபோன்தான் காரணம். 1998-இல் யாஹூ பேஜர் என்ற பெயரில் வந்தபோதிருந்தே அது கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கான சாதனம், பெயர் பக்கத்தில் மஞ்சள் ஸ்மைலி எரிந்தால் ஆள் இருக்கிறார், இல்லையென்றால் இல்லை. 2009-இல் வாட்ஸ்அப் வந்து ஃபோனில் இருக்கிற நம்பரையே ஐடி ஆக்கியதும் அந்த 'இருக்கிறாரா' என்ற கேள்வியே போய்விட்டது. மொபைல் ஆப் யாஹூவிடமும் இருந்தது, ஆனால் நம் அம்மா அப்பாவுக்கு யாஹூ ஐடி கிடையாதே, ஃபோன் நம்பர் எல்லோரிடமும் இருந்தது.

தூரதேசி:
அதற்கு முன்பே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் நண்பரே. 2006-லேயே ஜிமெயிலுக்குள் சாட் வந்துவிட்டது, எதையும் இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், 2008-இல் ஃபேஸ்புக் சாட். சாட் ரூம்களில் பாட்களின் (ஆள் போல நடித்துத் தானாகச் செய்தி அனுப்பும் நிரல்கள்) தொல்லை தாங்க முடியாமல் போனது, 2012 டிசம்பரில் அவற்றை மூடினார்கள். எனக்கு வலித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். 2015 டிசம்பரில் எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஒரு மெசஞ்சரை விட்டார்கள், அடுத்த ஆண்டே பழையதை நிறுத்தினார்கள், புதியதில் நமக்குப் பழகிய எதுவும் இல்லை. எதிரில் இருப்பவரைக் கூப்பிட பஸ் (Buzz) அடித்தால் சாட் ஜன்னலே குலுங்குமே, அந்தக் குலுக்கல் இல்லாமல் அது என்ன யாஹூ? 2018 ஜூலை 17-இல் மொத்தமாக மூடியபோது என் லிஸ்டில் பேச ஒருவர்கூட இல்லை.

மழைக்குருவி:
பழையகீபோர்டு அண்ணா, திறந்துவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நேரம் வந்திருக்கிறது. மார்ச் 11, இரவு 11:42, 'இருக்கியா?' என்று கேட்டிருக்கிறாள். நான் பதில் சொல்லாததால் மூன்று முறை பஸ் அடித்திருக்கிறாள். மீதியை மெதுவாகப் படிக்கிறேன்.